வரிசையில் நிற்காத அக்கா

அக்கா எதற்காகவும் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய்க்கு நின்றதில்லை, சினிமாவுக்கு நின்றதில்லை, பஸ்ஸில் ஏறக்கூட நின்றதில்லை. கோயிலில் பொங்கல் கொடுக்கிற இடத்தில் எல்லாரும் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது இவள் தள்ளி ஒரு தூணில் சாய்ந்து நிற்பாள். தொன்னை அவளைத் தேடிக்கொண்டு வரும். எப்படி அக்கா என்று கேட்டால், "முட்டுறவள யாருடி பாக்கறா? சாஞ்சிருக்கிறவளத்தான் பாப்பாங்க" என்பாள்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை. அரியலூரில் ஒரு அரசாங்க ஆபீஸ், அவ்வளவு போதும்; எது என்று சொல்லப்போவதில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். ஊரில் யாரையும் தெரியாது. தங்க அறை பார்த்துக் கொடுத்தது அவள்தான். முதல் சம்பளம் வரும்வரை மதியச் சோறு அவளுடைய டிபன் கேரியரில் இருந்துதான். காய்ச்சல் வந்து கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவளும் அவள்தான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னை நன்றி கெட்டவள் என்று யாராவது சொல்லலாம். சொல்லிக்கொள்ளட்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கச்சேரி என்றால் மெல்லிசைக் கச்சேரிதான். டிவி எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ரேடியோவில் மட்டும் கேட்ட குரல் ஆளாக வந்து மேடையில் நிற்கும். பாடுகிறவர் குட்டையா நெட்டையா என்றுகூட அதுவரை நமக்குத் தெரிந்திருக்காது. வருஷத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சிப்போனால் மூன்று தடவை நடக்கும். பெரும்பாலும் பெரம்பலூரில். ரயில் இல்லாத ஊர்தான், ஆனால் மெட்ராஸ் ரோட்டின் மேலேயே இருந்தது. பாடுகிறவர்கள் காரில் வந்து இறங்கிப் பாடிவிட்டு அப்படியே போய்விடலாம்.

ஒவ்வொரு கச்சேரியும் ஏதாவது ஒரு கட்டட நிதிக்காக நடக்கும். அதனால் டிக்கெட் புத்தகங்கள் ஆபீஸ்களுக்கு வந்துவிடும். ஒவ்வொரு செக்‌ஷனும் இத்தனை தள்ளிவிட வேண்டும் என்று மேலிருந்து வாய்மொழியாகச் சொல்வார்கள். அப்புறம் மனு கொண்டு வருகிறவன் பாடுதான். பட்டாவுக்கு வந்தவன், பம்புசெட்டுக்கு வந்தவன், சான்றிதழுக்கு வந்தவன் எல்லார் கையிலும் ஒரு டிக்கெட்டைத் திணிப்போம். "இஷ்டமிருந்தா வாங்கிக்குங்க" என்றுதான் சொல்வோம். வாங்காதவன் காகிதம் கட்டுக்கு அடியில் போய்விடும் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இப்படி வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் கச்சேரி நடக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். அரிசி மில்லிலும் ஜவுளிக்கடையிலும் அந்த டிக்கெட்டுகள் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கும். கிராமத்து வீடுகளில் கூரை எரவாணத்தில் கிடக்கும். அதே சமயம் பெரம்பலூர் கவுன்டரில் பாட்டுப் பைத்தியங்கள் வெயிலில் நின்று, டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்.

இதைக் கண்டுபிடித்தவள் அக்கா. கவுன்டரில் இருப்பதெல்லாம் மண்தரை டிக்கெட், நல்ல டிக்கெட் எல்லாம் வேண்டாதவன் வீட்டில் தூங்குகிறது என்பாள். அதை எழுப்பிக் கொண்டுவர அவளிடம் ஒரு முறை இருந்தது. கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் போய்க் கேட்கக் கூடாது. அப்போது அவனுக்கும் போகலாமா என்று ஆசை இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, கடைக்குக் காப்பி வந்து குடித்து முடித்த பிறகு போக வேண்டும். டிக்கெட் இருக்கிறதா என்று வாயைத் திறக்கவே கூடாது. "நீங்க போவலயாண்ணே?" என்று கேட்க வேண்டும். இரண்டாகக் கேட்டால் யோசிப்பான். ஒவ்வொன்றாக நாலு கடையில் கேட்க வேண்டும். தனித்தனி இடமாக இருந்தால் என்ன, உள்ளே போய்ப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சிரித்துப் பேசி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு தடவை என்னையும் அரிசி மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலாளியிடம் அவர் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள். எந்த வைத்தியரிடம் காட்டினீர்கள், தைலம் தேய்க்கிறாரா, இரவில் நீட்டி மடக்க முடிகிறதா என்று அரைமணி நேரம். கடைசியில், "பாவம், நாலு மணி நேரம் மடக்கு நாற்காலியில எப்படித்தான் ஒக்காரப் போறாங்களோ" என்றாள். அவ்வளவுதான். அந்த மனிதர் தானாக எழுந்துபோய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து டிக்கெட்டை எடுத்து வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு நன்றியும் சொன்னார். வெளியே வந்து நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஒரு டிக்கெட்டைக்கூட விற்றதில்லை. பியூனின் மனைவிக்குக் கொடுப்பாள், என் வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுப்பாள், பூ விற்கிறவளைக்கூட ஒரு தடவை சேர் டிக்கெட்டில் உட்காரவைத்தாள். அவளை எல்லாருக்கும் பிடிக்கும். பிடிக்காமல் என்ன செய்யும்.

அவளுக்குத் தன் கண்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. யாருக்கு எது வேண்டும், யாருக்கு எது வேண்டாம் என்று முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவாள். சொல்வதோடு நிற்காமல் முடித்தும் வைத்துவிடுவாள். திருமானூர்ப் பக்கமிருந்து எனக்கு ஒரு வரன் விசாரித்துக்கொண்டு ஆபீசுக்கே ஆள் வந்தது. நான் அன்று லீவு. "அந்தப் பொண்ணுக்கு இப்ப கல்யாணம் வேணாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் எனக்கு விஷயம் தெரிந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவள் பாட்டுக்கு எனக்குச் சோறு பரிமாறினாள். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் குடிகாரன் என்று தெரிய வந்தது. "நான்தான் சொன்னேன்ல" என்றாள். அப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த ஆள் நல்லவனாக இருந்திருந்தாலும் அவள் அதையேதான் செய்திருப்பாள் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

வரிசைமேல் அவளுக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு என்று ஒரு நாள் தெரிந்தது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி வந்து போகிறவரைக்கும் பேச்சுத்துணைக்கு என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் புருஷன் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அந்த வேலையை இவளுக்குக் கொடுக்க வேண்டும். அதற்காகத் திருச்சியில் ஒரு பெரிய ஆபீசின் நடையில் இரண்டு வருஷம் நின்றிருக்கிறாள். விடிகாலை பஸ் பிடித்துப் போய் நிற்பாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது சாப்பாட்டு வேளை வந்துவிடும். மறுபடி நிற்பாள், அதிகாரி காம்ப் போய்விடுவார். கடைசியில் ஒரு நாள் அந்த அதிகாரி வீட்டுச் சமையற்காரம்மாவோடு பழகி, கொல்லைப்புறமாகப் போய் அவர் மனைவியைப் பார்த்தாளாம். பத்தே நாளில் உத்தரவு வந்துவிட்டது.

"ரெண்டு வருசம் நின்னேன்டி, யாரும் ஏன்னு கேக்கல. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே செத்தாலும் நிக்க மாட்டேன்னு" என்றாள்.

பட்டவளுக்குத்தான் அடுத்தவன் பாடு தெரியும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மாசி மாதத்தில், நான் உயிரை விடுகிற ஒரு பாடகர் பெரம்பலூருக்கு வருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ரேடியோவில் அவர் குரல் வந்தால் நான் அடுப்பிலிருந்து சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். திருச்சியிலிருந்து ஒரு ட்ரூப்தான் வாத்தியமெல்லாம் வாசித்தது, கூடப் பாடியது. இவர் மட்டும் மெட்ராஸிலிருந்து. கவுன்டர் டிக்கெட் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. இந்தத் தடவை கடைக்காரர்கள்கூடக் கொடுக்க மறுத்தார்கள். அக்காவுக்கே ஒன்றுதான் கிடைத்தது. நான் அழாத குறை. "பொறுடி. ஒனக்குன்னு ஒண்ணு எங்கயோ இருக்கு, தானா வரும்" என்றாள்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் அது வந்தது.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மனிதர். முந்திரிக் காட்டில் கூலி வேலை. ஐம்பது வயது இருக்கும். சின்ன மகளை ஹாஸ்டலில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டு மூன்றாவது தடவையாக வந்திருந்தார். முன்பு வந்தபோதே அவரிடம் ஒரு டிக்கெட் தள்ளப்பட்டிருந்தது. அன்று அது அவர் சட்டைப்பையில் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. மற்றவர்கள் எட்டாக மடித்து இடுப்பில் செருகுவார்கள். இவர் ஒரு பழைய காலண்டர் அட்டையை இரண்டாக வெட்டி, நடுவில் டிக்கெட்டை வைத்திருந்தார். ஓரம்கூட மடங்கவில்லை. நான் என் மேஜையிலிருந்தே அதைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தே எல்லாம் சொல்கிற அக்கா அந்த அட்டையைப் பார்க்கவில்லை.

"இத வச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க? ஒங்க ஊரு எங்க, பெரம்பலூர் எங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, போவலாம்னு இருந்தேன்."

அக்கா சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். மூன்று பஸ் மாறிப் போய், திரும்பிவர பஸ் கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுக்க வேண்டுமா, பாட்டுதானே, ஜெயங்கொண்டத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் நாளெல்லாம் கேட்கலாமே என்று அவருக்கு நல்லது சொன்னாள். அவருடைய மனு அக்காவின் கைக்கு அடியில் இருந்தது. அதைத் தட்டிக்கொண்டே, "அதக் குடுங்க. ஒங்க காயிதம் இன்னிக்கே கையெழுத்தாயிரும். இன்னொரு தடவ அலைய வேணாம்" என்றாள்.

அவள் மிரட்டவில்லை. சத்தியமாக அவள் மனதில் அது உபகாரம். ஆனால் மூன்றாவது தடவையாக வந்து நிற்கிற ஒரு கூலிக்காரர் காதில் அது எப்படி விழும்? அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார், பிரித்தார், டிக்கெட்டை மேஜைமேல் வைத்தார். அட்டையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா அதை எடுத்து என் டைப்ரைட்டர் மேல் போட்டாள். "இந்தா, வந்திருச்சு பாரு." நான் குழந்தை மாதிரி சிரித்தேன். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் அவர் காரியம் முடிந்தது. அவருடைய சான்றிதழை நான்தான் டைப் அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகாமல், அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் அடித்ததில்லை. அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கச்சேரி அன்று மூன்று மணி பஸ்ஸில் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி அடைத்திருந்தார்கள். கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தட்டிக்கு வெளியே ஒரு கூட்டம் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தது. டிக்கெட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பாட்டு ஊருக்கே கேட்கும். ஆளைப் பார்க்கத்தான் டிக்கெட்.

பெண்கள் பக்கத்து வாசலுக்குப் போகிற வழியில் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு. வாசலில் நிற்கிற தொண்டரிடம், ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தரை டிக்கெட்டாவது கிடைக்கும் என்று நம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். அக்கா யாரோ தெரிந்தவர்களைக் கண்டு முன்னால் போய்விட்டாள். நான் நழுவப் பார்த்தேன். அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆபீசு அம்மா தானே?"

தலையை ஆட்டினேன். டிக்கெட் என் கையில்தான் இருந்தது. அவர் அதை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

"எம் மூத்த பொண்ணு பாடுதும்மா. திருச்சி ட்ரூப்புல. பின்னால நாலு பேரு நின்னு பாடுவாங்கள்ல, அதுல ஒண்ணு" என்றார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ட்ரூப்பில் தபேலா வாசிக்கிற ஒருவனை அவள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாளாம். இவர் ஆத்திரத்தில், இனி என் வூட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அவளும் மிதிக்கவில்லை. எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. ஜெயங்கொண்டத்தில் சுவரில் ட்ரூப்பின் பெயரைப் பார்த்திருக்கிறார். ஆபீசில் டிக்கெட்டைத் தள்ளியபோது, எல்லாரும் முகம் சுளித்து வாங்குகிற அந்த டிக்கெட்டை, இவர் தேடிவந்த பொருள் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாராம்.

"போயிப் பேசணும்னெல்லாம் இல்ல. மூஞ்சியப் பாத்தாப் போதும். பாட்டு இங்கயே கேக்கும். கும்பலாப் பாடுனாலும் அது கொரலு எதுன்னு எனக்குத் தெரியும். ஆளு எப்படி இருக்குன்னுதான் தெரியல."

அந்த இடத்தில் நான் டிக்கெட்டை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். வேறு எந்த நியாயமும் இல்லை. யோசித்தேன், தயங்கினேன் என்றெல்லாம் இப்போது கதை விடமாட்டேன். என் கை டிக்கெட்டை இறுக்கிக்கொண்டது. உள்ளே ஆர்மோனியம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்து டிக்கெட்டில் ஆணை விடமாட்டார்கள் என்று ஒரு சாக்கு மனதில் வந்தது. அது பொய். டிக்கெட்டில் ஆண், பெண் என்று எதுவும் போட்டிருக்கவில்லை.

அவரே வழி சொன்னார். "நீங்க உள்ள போறீங்கள்ல. நல்லா பாத்துட்டு வந்து சொல்லுங்கம்மா. எளச்சிருக்கா, எப்படி இருக்குன்னு. நான் இந்த டீக்கடையிலதான் நிப்பேன்."

சரி என்றேன். அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் கொஞ்ச நேரம் மாறியது. "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். போகலாம்னு இருந்தேன் என்று சொன்னாரே அக்கா என்றேன். "எம் மவ பாடுதுன்னு சொன்னாரா? அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

தன் டிக்கெட்டை வைத்துக்கொள்ள ஒரு மனிதன் எதற்குக் காரணம் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய கேள்வியெல்லாம் எனக்குப் பத்து வருஷம் தாமதமாகத்தான் தோன்றும். அதற்குள் திரை விலகிவிட்டது.

பாடகர் வந்தார். வெள்ளை சட்டை, கறுப்பு பேன்ட், நான் நினைத்ததைவிடக் குள்ளம். வாயைத் திறந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் நான் அந்த மைதானத்தில் இல்லை. அவர் விரல் மைக்கைப் பிடித்திருந்த விதம், இரண்டு பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடித்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டது எல்லாம் இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள், எத்தனை பேர், ஆணா பெண்ணா, சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. மறந்துவிட்டேன்.

கச்சேரி முடிகிற சமயத்தில் அக்கா தன் வழக்கப்படி மேடைப் பக்கம் போனாள். மைக்செட்காரர், பாடகர்களுக்குச் சமைத்துப் போட வந்தவர் எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்வாள். அடுத்த தடவைக்கு உதவும். நான் மட்டும் பஸ்ஸுக்காகச் சீக்கிரமாக வெளியே வந்தேன். டீக்கடை வாசலில் அவர் நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஞாபகமே வந்தது.

ஓடி வந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்காங்க. கொஞ்சம் சதை போட்டிருக்காங்க" என்றேன்.

"சதை போட்டிருக்கா?"

"ஆமாங்க. நல்ல கலரா இருக்காங்க."

"என்னா பொடவை கட்டியிருந்துச்சு?"

"பச்சை."

"பச்சை அதுக்கு நல்லா இருக்கும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். ஒரு டீ குடிங்கம்மா என்றார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவந்துவிட்டேன்.

பஸ் கிளம்பிச் சிறிது தூரம் போன பிறகு அக்கா பேச்சை எடுத்தாள். "அந்தப் பொண்ணப் பாத்தியாடி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தபேலாக்காரன் பொண்டாட்டி யாருன்னு மைக்செட்காரரக் கேட்டேன். எடது கோடி. நீலப் பொடவை. மத்த மூணு பேரும் நின்னாங்க, அது மட்டும் ஸ்டூல்ல ஒக்காந்து பாடிச்சு. முழுகாம இருக்கு. ஏழு மாசம் இருக்கும். மூஞ்சி ஒட்டிப்போயிக் கெடக்கு. கையில வளையலக் காணோம், வளைகாப்பு போட யாரும் இல்ல போலருக்கு."

நான் சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மூத்த மகளின் வளைகாப்பு என்றால் கூலிக்காரன்கூட ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு, வளையல் அட்டையோடு போய் மகளை அழைத்துவருவான். எவ்வளவு பெரிய கோபமும் அந்த ஒரு நாளில் முடிந்துவிடும். அவர் காதில் மட்டும் இது விழுந்திருந்தால் மேடைக்குப் பின்னாலேயே போய் நின்றிருப்பார். அவர் விலாசம் மனுவில் இருக்கிறது, நாளைக்கே ஒரு கார்டு போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "வேணாம் விடு. மவ நல்லா இருக்கான்னு நெனச்சிக்கிட்டு நிம்மதியாத் தூங்கட்டும் மனுசன். இதெல்லாம் தெரிஞ்சு அவருக்கு என்னாவப் போவுது? அவருக்கு வேணாம்."

அவருக்கு வேண்டாம் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். கார்டு என்ன விலை, என் மேஜையிலேயே நாலு கார்டு கிடந்தது. அக்கா என் கையைக் கட்டிப்போடவில்லை. எழுதினால் என் பொய் வெளியே வரும். அதனால் எனக்கும் அவள் தீர்மானம் சௌகரியமாக இருந்தது.

சித்திரை பிறந்து முந்திரி உடைக்கிற பருவத்தில் அவர் ஆபீசுக்கு வந்தார். மனு எதுவும் இல்லை. ஒரு மஞ்சள் பையில் முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னாராம். பிள்ளை சதை போட்டிருக்கிறது, பச்சைப் புடவை கட்டியிருந்தது என்று கேட்டதும் அவள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாளாம். அதிலிருந்து தினமும், ஆபீசு அம்மா வேறு என்ன சொல்லுச்சு, வேறு என்ன சொல்லுச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். எதற்கும் இன்னொரு தடவை என் வாயால் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்நேரம் திருச்சியில் எங்கேயோ ஒரு வீட்டில் அவருடைய பேரப்பிள்ளை பிறந்திருக்கும். ஒரு வார்த்தை போதும். நான், "நல்லா இருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே பாடினாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது அக்கா பக்கம் திரும்பினார். "அடுத்த கச்சேரிக்கு டிக்கெட்டு வந்தா எனக்கு வேணாம்மா. இந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. நல்லா பாத்துச் சொல்லுது."

அவர் படியிறங்கிப் போகும்வரை அக்கா வாசலையே பார்த்தாள். அப்புறம் ஃபைலை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாத்தியா, அவரே சொல்லிட்டாரு, டிக்கெட்டு வேணாம்னு. எனக்குத் தெரியும்டி" என்றாள்.

பையைப் பிரித்து, முந்திரியைக் காகிதத்தில் இரண்டு பொட்டலமாகக் கட்டினாள். பெரிய பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.